முப்பது எழுத்துக்குள் ஒரு சிம்பொனி

எம்பி3 கோப்பின் வாலில் ஒரு சிறு விவரச் சீட்டை ஒட்டிவைக்கும் முறை 1996-இல் வந்தது. ஐடி3 என்பது அதன் பெயர். சீட்டின் மொத்த அளவு 128 பைட். பாட்டின் பெயருக்கு 30 எழுத்து, பாடியவர் பெயருக்கு 30, ஆல்பத்துக்கு 30, ஆண்டுக்கு 4, வேறு ஏதாவது குறிப்பு எழுத 30, எந்த வகை இசை என்று காட்ட ஒரே ஒரு பைட். மிச்சமுள்ள 3 பைட்டும் சீட்டு இங்கே தொடங்குகிறது என்று கணினிக்குச் சொல்லும் அடையாளம். இசை வகைகளின் பட்டியலில் செவ்வியல் இசைக்கு 32 என்ற எண் கிடைத்தது. அதை இயற்றியவரின் பெயரை எழுத மட்டும் இடம் ஒதுக்கப்படவில்லை.

பீத்தோவனின் ஏழாவது சிம்பொனியை இந்தச் சீட்டில் எழுதிப் பார்க்கலாம். சிம்பொனி எண் 7, ஏ மேஜர் என்று ஆங்கிலத்தில் வழக்கமான முறையில் எழுதிக்கொண்டு போனால், படைப்பின் வரிசை எண்ணைக் குறிக்கும் ஓபஸ் என்பதன் சுருக்கத்தோடு சரியாக 30 எழுத்தும் தீர்ந்துவிடுகிறது. ஓபஸ் எண்ணான 92-க்கு இடமில்லை. இது முதல் பகுதியா, எல்லோரும் விரும்பிக் கேட்கும் இரண்டாம் பகுதியா என்று சொல்லவும் இடமில்லை. நான்கு பகுதிகளும் ஒரே பெயரோடு வரிசையில் நிற்கும். பாடியவர் கட்டத்தில் யாரை எழுதுவது? பீத்தோவனையா, நடத்திய கார்லோஸ் க்ளைபரையா, வாசித்த வியன்னா ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவையா? ஒருவரை எழுதினால் மற்ற இருவரும் காணாமல் போவார்கள்.

1998-இல் வந்த அடுத்த வடிவத்தில் இயற்றியவருக்கும் ஒரு கட்டம் சேர்ந்தது, எழுத்து வரம்பும் தளர்ந்தது. ஆனால் பாட்டு, பாடியவர், ஆல்பம் என்ற மூன்று கட்டங்களை வைத்தே கணினியில் இசையை அடுக்கும் பழக்கம் அதற்குள் ஊன்றிவிட்டது. ஸ்ட்ரீமிங் சேவைகள் அந்தப் பழக்கத்தின் மேல்தான் எழுந்தன. இன்று மாதச் சந்தா கட்டினால் பல கோடி ட்ராக்குகள் கையடக்கத்தில் வந்துவிடுகின்றன. செவ்வியல் இசையில் நல்ல புதிய பதிவைக் கண்டுபிடிப்பது மட்டும் அந்த அளவுக்குச் சுலபமாகிவிடவில்லை. சேவைகளின் சிபாரிசு மென்பொருள் இன்னும் கெட்டிக்காரத்தனமாக இருந்தால் இது தீரும் என்று பலர் எண்ணுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. செவ்வியல் இசையில் தேடலை நடத்துவது விவரச் சீட்டுதான். அது சரியாக நிரப்பப்பட்டிருந்தால் ரசிகர் தானே வழி கண்டுபிடித்துப் போய்விடுவார். நிரப்பப்படாத இடத்தில் எந்த மென்பொருளாலும் பெரிதாக உதவ முடியாது.

சீட்டு என்ன செய்யும் என்பதற்கு ஜாய்ஸ் ஹாட்டோ விவகாரத்தை விடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. ஹாட்டோ ஆங்கிலேயப் பியானோ கலைஞர். மேடையை விட்டு விலகிப் பல ஆண்டுகளுக்குப் பின், அவர் வாசித்ததாக நூற்றுக்கும் மேற்பட்ட குறுந்தகடுகளை அவருடைய கணவர் வில்லியம் பாரிங்டன்-கூப் தம் சிறு நிறுவனத்தின் மூலம் வெளியிட்டார். நோயோடு போராடியபடியே பியானோ இலக்கியம் முழுவதையும் வாசித்துத் தீர்த்த மாமேதை என்று விமர்சகர்கள் எழுதினார்கள். 2006-இல் ஹாட்டோ இறந்தார். 2007 பிப்ரவரியில் ரசிகர் ஒருவர், லிஸ்ட்டின் கடினமான பன்னிரண்டு எட்யூட்களை ஹாட்டோ வாசித்ததாகச் சொன்ன தகட்டைத் தம் கணினியில் போட்டார். திரையில் வந்த பெயர் லாஸ்லோ சிமோன்.

குறுந்தகட்டுத் தர விதிப்படி, சாதாரண இசைத் தகட்டில் பாட்டுகளின் பெயர் பதிவாக வேண்டியதில்லை. எந்த ட்ராக் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பது மட்டும் இருக்கும். கணினி அந்த நேர அளவுகளின் வரிசையை இணையத்தில் உள்ள ஒரு பொதுப் பட்டியலோடு ஒப்பிட்டு, இது இன்ன தகடு என்று சொல்லும். சிடிடிபி என்ற பெயரில் ரசிகர்களே தட்டச்சு செய்து சேர்த்த பட்டியல் அது. பிறகு கிரேஸ்நோட் என்ற நிறுவனமாயிற்று. பன்னிரண்டு ட்ராக்குகளின் நேரமும் தற்செயலாகப் பொருந்திப்போவது நடக்காத காரியம். விஷயம் ஜெட் டிஸ்லர் என்ற விமர்சகருக்குப் போய், அவர் மூலம் கிராமஃபோன் இதழுக்குப் போயிற்று. ஒலி வல்லுநர் ஒருவர் இரண்டு தகடுகளின் அலைவடிவங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். பெரும்பாலான ட்ராக்குகள் அச்சு அசலாக ஒன்றுதான். அடுத்தடுத்துத் தோண்டியபோது வேறு வேறு கலைஞர்களின் பதிவுகள் வெளியே வந்தன. சிலவற்றில் வேகத்தை மாற்றி அடையாளத்தை மறைத்திருந்தார்கள். சிமோனின் பதிவை முதலில் வெளியிட்ட சுவீடன் நிறுவனம் பிஸ். அதன் நிறுவனர் ராபர்ட் ஃபான் பாருக்கு எழுதிய கடிதத்தில் பாரிங்டன்-கூப் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

தேர்ந்த காதுகள் ஏமாந்த இடத்தில் இசையே தெரியாத ஒரு பட்டியல் உண்மையைச் சொல்லிவிட்டது என்றுதான் இந்தக் கதையைப் பொதுவாகச் சொல்வார்கள். என்னை அதைவிட அதிகமாகத் தொந்தரவு செய்யும் சேதி ஒன்று இதில் இருக்கிறது. மற்றொருவர் பெயரில் வந்தபோது மேதைமை என்று கொண்டாடப்பட்ட அதே வாசிப்பு, பல ஆண்டுகளாகச் சிமோனின் சொந்தப் பெயரில் விற்பனையில் இருந்தது. தேடிப் போனவர்கள் சிலரே. ஒரு பெரிய பதிவு கண்முன்னே கிடந்தும் கேட்கப்படாமல் போகலாம். கேட்பாரற்றுப் போவதும் கொண்டாடப்படுவதும் வாசிப்பின் தரத்தால் மட்டும் தீர்மானமாவதில்லை. ஸ்ட்ரீமிங் காலத்தில் இந்த ஆபத்து பல மடங்கு பெருகியிருக்கிறது.

ஏன் என்று பார்க்க, சிபாரிசு மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் போதும். அதன் அடிப்படை ஒன்று, இதைக் கேட்டவர்கள் வேறு எதையெல்லாம் கேட்டார்கள் என்ற கணக்கு. ஏற்கெனவே பலர் கேட்ட பதிவுக்கு அந்தக் கணக்கில் நிறைய இணைப்புகள் இருக்கும். நேற்று வெளியான, ஒரு சிறு நிறுவனத்தின் பதிவுக்கு இணைப்பே இருக்காது. யாரும் கேட்காததால் சிபாரிசு வராது, சிபாரிசு வராததால் யாரும் கேட்க மாட்டார்கள். சினிமாப் பாட்டுக்கு முதல் நாளே விளம்பரம், வானொலி, ரீல்ஸ் என்று பல வாசல்கள் திறந்திருக்கின்றன. ஒரு தந்திவாத்திய நால்வர் குழுவின் புதிய ஹேடன் தொகுதிக்கு அவை எதுவும் கிடையாது.

இன்னொரு காரணமும் உண்டு. செவ்வியல் இசை ரசிகருக்கு வேண்டியது இதே மாதிரி இன்னொன்று அல்ல. இதையே இன்னொருவர் எப்படி வாசிக்கிறார் என்பது. தோடியில் ஒரே கீர்த்தனையை ஐந்து வித்வான்கள் பாடிக் கேட்பதில் நமக்குச் சலிப்பு வருவதில்லை, கேட்கக் கேட்க ருசி கூடுகிறது. மேற்கிலும் அப்படித்தான். பிபிசி வானொலியின் மூன்றாம் அலைவரிசையில் ஒரு படைப்பை எடுத்துக்கொண்டு அதன் பல பதிவுகளைப் பகுதி பகுதியாக ஒப்பிட்டு, வீட்டில் வைத்துக்கொள்ள எது உகந்தது என்று சொல்லும் நிகழ்ச்சி பல பத்தாண்டுகளாக நடக்கிறது. அந்த ஒப்பீட்டை ஸ்ட்ரீமிங்கில் நாமே செய்ய வேண்டுமானால், இந்தப் பதிவுகள் எல்லாம் ஒரே படைப்பு என்று சேவைக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஷூபர்ட்டின் பெரிய சி மேஜர் சிம்பொனியை 9 என்று சிலர் எண்ணுகிறார்கள், 8 என்று சிலர், பழைய தகடுகளில் 7. டுவோர்ஷாக்கின் புது உலகச் சிம்பொனி இன்று 9, பழைய தகடுகளில் 5. ஆகவே அனுபவப்பட்ட ரசிகர்கள் பெயரை விட்டுவிட்டு அட்டவணை எண்ணைத் தட்டுவார்கள். ஷூபர்ட்டுக்கு டி 944. பாஹ்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸுக்கு பிடபிள்யூவி 988. இந்த எண்கள் இசை வரலாற்று அறிஞர்கள் பொறுமையாகச் செய்த வேலையின் பயன், இப்போது தேடு பெட்டியில் வந்து உதவுகிறது.

இந்தக் குறையைத் தீர்க்கவே தனிச் சேவைகள் தோன்றின. பெர்லினில் இடாஜியோ, ஆம்ஸ்டர்டாமில் பிரைம்ஃபோனிக். பிரைம்ஃபோனிக்கை ஆப்பிள் வாங்கி 2021 செப்டம்பரில் மூடிவிட்டு, 2023 மார்ச்சில் ஆப்பிள் மியூசிக் கிளாசிக்கல் என்ற தனிச் செயலியாக வெளியிட்டது. 50 லட்சத்துக்கு மேற்பட்ட ட்ராக்குகள், 20,000-க்கு மேற்பட்ட இசையமைப்பாளர்கள், 1,15,000 தனித்தனிப் படைப்புகள் என்று நிறுவனம் கணக்குச் சொன்னது. இதில் முக்கியமான எண் மூன்றாவது. ட்ராக்குகளை எல்லாரும் வைத்திருக்கிறார்கள். எந்த ட்ராக் எந்தப் படைப்பின் எந்தப் பகுதி என்று பிரித்து அடுக்குவதுதான் வேலை.

அடுக்கி முடித்த பின் என்ன நடக்கிறது என்பதற்கு ஃபுளோரன்ஸ் பிரைஸ் நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரில் 1887-இல் பிறந்த கறுப்பினப் பெண். 1933-இல் சிகாகோ சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா அவருடைய முதல் சிம்பொனியை அரங்கேற்றியது. கறுப்பினப் பெண் ஒருவரின் படைப்பை அமெரிக்காவின் பெரிய ஆர்கெஸ்ட்ரா ஒன்று வாசித்தது அதுவே முதல் முறை. 1953-இல் அவர் இறந்த பிறகு பெயர் மங்கிவிட்டது. 2009-இல் இல்லினாய் மாநிலத்தின் செயின்ட் ஆன் என்ற சிற்றூரில், பாழடைந்து கிடந்த ஒரு வீட்டைப் புதுப்பிக்க வந்தவர்கள் கட்டுக்கட்டாக இசைக் கையெழுத்துப் படிகளைக் கண்டார்கள். பிரைஸ் கோடையில் தங்கிய வீடு அது. இரண்டு வயலின் கான்செர்ட்டோக்களும் நான்காவது சிம்பொனியும் அதில் இருந்தன. அந்த நான்காவது சிம்பொனியை அவர் உயிரோடு இருந்தபோது யாரும் வாசித்ததில்லை. 2018-இல் அர்கன்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் ஸ்மித் நகர ஆர்கெஸ்ட்ரா அதை முதன்முதலாக வாசித்தது. மறு ஆண்டு நாக்ஸோஸ் நிறுவனம் அதே ஆர்கெஸ்ட்ரா வாசித்த முதல் சிம்பொனியோடு சேர்த்து அதை வெளியிட்டது.

உலகம் திரும்பிப் பார்த்தது அப்போதல்ல. யானிக் நேசே-செகான் நடத்த, பிலடெல்பியா ஆர்கெஸ்ட்ரா 1, 3 ஆகிய சிம்பொனிகளைப் பதிவு செய்து 2021-இல் டாய்ச்ச கிராமஃபோன் வெளியிட்டு, 2022-இல் அதற்கு கிராமி கிடைத்த பிறகுதான் பரவலாகக் கேட்கத் தொடங்கினார்கள். அப்படிப் பிலடெல்பியா பதிவைக் கேட்டு ஈர்க்கப்பட்ட ஒருவர் அடுத்து எங்கே போவார்? சேவை ஆல்பத்தை மட்டுமே அறிந்திருந்தால் அதே ஆர்கெஸ்ட்ராவின் வேறு ஆல்பங்களுக்குப் போவார். சேவை படைப்பை அறிந்திருந்தால் முதல் சிம்பொனியின் பக்கத்தில் ஃபோர்ட் ஸ்மித்தின் பெயரையும் பார்ப்பார். பெயர் கேள்விப்படாத ஒரு சிறு நகர ஆர்கெஸ்ட்ரா இந்த இசையை எவ்வளவு அக்கறையாக வாசித்திருக்கிறது என்று அங்கே தெரியும், கூடவே நான்காவது சிம்பொனியும் கிடைக்கும். பிலடெல்பியா அந்த நான்காவதை 2023-இல் வெளியிட்டபோது இசையமைப்பாளர் வில்லியம் டாசனின் சிம்பொனியையும் அதோடு சேர்த்தது. டாசனின் படைப்பை 1934-இல் இதே பிலடெல்பியா ஆர்கெஸ்ட்ராதான் ஸ்டோகாவ்ஸ்கி நடத்த அரங்கேற்றியது. 1960-களில் ஸ்டோகாவ்ஸ்கி அதை வேறொரு ஆர்கெஸ்ட்ராவுடன் பதிவும் செய்தார். ஒரு மாலைப்பொழுதில் 2021-இல் தொடங்கி 1960-களுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். இந்தப் பாதையில் ஒவ்வோர் அடியையும் திறந்துவிடுவது நடத்துநர், ஆர்கெஸ்ட்ரா, படைப்பு, ஆண்டு என்று யாரோ நிரப்பிய ஒரு கட்டம்.

பழைய பதிவுகளே புதிதாக வந்து சேர்வதும் உண்டு. டெட் பெர்ரி என்பவர் வாடகைக் கார் ஓட்டிச் சேர்த்த பணத்தையும் போட்டு 1980-இல் லண்டனில் தொடங்கிய ஹைப்பீரியன் நிறுவனம், ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கும் வருமானம் பதிவுச் செலவுக்குக் கட்டாது என்று நெடுநாள் ஒதுங்கியே இருந்தது. 2023-இல் யுனிவர்சல் அதை வாங்கியது. அந்த ஜூலையில் முதல் 200 ஆல்பங்கள் ஸ்ட்ரீமிங்குக்கு வந்தன. தகடு வாங்க வசதியில்லாத இளைய ரசிகருக்கு, நாற்பது ஆண்டுப் பதிவுகள் புது வெளியீடாயின. நம் ஊர் ரசிகர்கள் பலருக்கும் இது பொருந்தும். இறக்குமதித் தகட்டின் விலைக்குப் பயந்தே பலர் இந்த இசையை விட்டு விலகி நின்றார்கள்.

பணக் கணக்கையும் சொல்லாமல் விட முடியாது, எந்தப் பதிவு நம் கண்ணில் படுகிறது என்பதை அதுவும் தீர்மானிக்கிறது. ஸ்பாட்டிஃபையில் ஒரு ட்ராக்கை 30 வினாடி கேட்டால் ஒரு கேட்பு. ட்ராக் 2 நிமிடமா, 30 நிமிடமா என்பது கணக்கில் வராது. கிளென் கூல்டு 1955-இல் பதிவு செய்த கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ் ஏறத்தாழ 38 நிமிடம் ஓடும். தொடக்க ஆரியா, 30 வேரியேஷன்கள், மறுபடி ஆரியா என்று 32 ட்ராக்காகப் பிரிக்கலாம். மியூனிக் ஆர்கெஸ்ட்ராவுடன் செலிபிடாக்கே நடத்திய ப்ரூக்னரின் எட்டாவது சிம்பொனி ஒன்றரை மணி நேரத்தையும் தாண்டி ஓடும். அதில் இசையின் பகுதிகள் நான்குதான். முழுதாகக் கேட்டால் முதலாவதற்கு 32 கேட்பு, இரண்டாவதற்கு 4. 2024 முதல், கடந்த 12 மாதத்தில் 1,000 கேட்புக்குக் குறைவான ட்ராக்குக்கு ஸ்பாட்டிஃபை பணமே கொடுப்பதில்லை. சிறு நிறுவனங்களின் பட்டியலில் அப்படிப்பட்ட ட்ராக்குகளே அதிகம். இடாஜியோவும் பிரைம்ஃபோனிக்கும் வினாடிக் கணக்கில் பணம் பிரித்தன. அதுதான் நியாயமான முறை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நீண்ட படைப்பைப் பதிவு செய்பவருக்குத் தண்டனை விதிக்கும் முறையில், நீண்ட படைப்புகளின் புதிய பதிவுகள் குறையத்தான் செய்யும்.

அந்த இடத்தை நிரப்புவது என்ன என்பதையும் பார்க்கிறோம். படிக்க, தூங்க, மனம் அமைதிப்பட என்று பெயர் சூட்டிய மென்மையான பியானோப் பட்டியல்கள். கேட்பதில் தவறில்லை. ஆனால் அங்கே யார் வாசிக்கிறார் என்பது யாருக்கும் தேவைப்படுவதில்லை. இத்தகைய பட்டியல்களில் குறைந்த செலவில் தயாரித்த, பெயர் தெரியாத இசை திட்டமிட்டுச் சேர்க்கப்பட்டதைப் பத்திரிகையாளர் லிஸ் பெல்லி விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். வாசித்தவர் பெயரைத் தேடாத பழக்கம் வளர்ந்துவிட்டால் அதைப் பயன்படுத்திக்கொள்ள ஆட்கள் வரத்தான் செய்வார்கள்.

கர்நாடக சங்கீத ரசிகருக்கு இந்தப் பிரச்சினை எதுவும் புதிதல்ல. நமக்கு வேண்டிய கட்டங்கள் மேற்கத்தியச் சீட்டில் இருப்பதைவிட அதிகம். பாடகர், வயலின், மிருதங்கம், கடம், ராகம், தாளம், சாகித்யகர்த்தா, கச்சேரி நடந்த சபை, ஆண்டு. ஸ்ட்ரீமிங் சேவைகளில் பெரும்பாலும் பாடகர் பெயர் மட்டும் ஒழுங்காக இருக்கும். ராகம் தலைப்போடு ஒட்டிக்கொண்டு வரும், அதுவும் நான்கைந்து விதமான ஆங்கில எழுத்துக்கூட்டலில். சில ஆல்பங்களில் கீர்த்தனையை இயற்றிய தீட்சிதரே பாடகர் வரிசையில் நிற்பார். தோடி என்று தேடினால் இந்துஸ்தானித் தோடி வந்து விழும். அது நம் சுபபந்துவராளியின் ஸ்வரங்கள் கொண்ட வேறு ராகம். கீர்த்தனைக்குப் பின் வரும் தனி ஆவர்த்தனத்தைத் தனி ட்ராக்காக வெட்டியிருந்தால், கலைத்துப் போடும் முறையில் அது எந்தப் பாட்டின் தாளத்தில் எழுந்தது என்று தெரியாமல் அந்தரத்தில் ஒலிக்கும். எல்பி உறையின் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்த பக்கவாத்தியக்காரர்களின் பெயர்கள் பல பதிவுகளில் ஸ்ட்ரீமிங் வரை வந்து சேரவில்லை.

இது தீர்க்க முடியாத குறை அல்ல என்று காட்டிய முயற்சி ஒன்று உண்டு. சிடிடிபி வணிக நிறுவனமானபோது, ரசிகர்கள் இலவசமாகச் சேர்த்த தகவல் ரசிகர்களுக்கே சொந்தமாக இருக்க வேண்டும் என்று மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற பொதுப் பட்டியல் தொடங்கப்பட்டது. அதில் படைப்பு வேறு, பதிவு வேறு என்ற பிரிவு உண்டு. யார் என்ன வாத்தியம் வாசித்தார் என்று தனித்தனியாக இணைக்கலாம். பார்சிலோனாவின் பொம்பேவு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ராவின் தலைமையில், ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றத்தின் நிதியோடு 2011-இல் தொடங்கிய காம்ப்மியூசிக் ஆய்வுத் திட்டம் இந்தப் பட்டியலைத்தான் பயன்படுத்திக்கொண்டது. கர்நாடக, இந்துஸ்தானி, துருக்கிய மகாம், அரபு-ஆண்டலூசிய, பெய்ஜிங் ஓபரா ஆகிய ஐந்து மரபுகளைக் கணினி எப்படிப் புரிந்துகொள்ளலாம் என்பது அவர்களின் கேள்வி. சென்னை ஐஐடி ஆய்வாளர்களும் பங்கேற்றார்கள். கர்நாடக சங்கீதக் குறுந்தகடுகளை எடுத்து, ராகம், தாளம், பக்கவாத்தியம் எல்லாவற்றையும் குறித்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிக் கேட்க துன்யா என்ற தளத்தை அமைத்தார்கள். நம் இசைக்கு ஏற்ற சீட்டு எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விக்குப் பார்சிலோனாவில் விடை எழுதியிருக்கிறார்கள். சென்னையின் ஒலிப்பதிவு நிறுவனங்கள் அதை எடுத்துக்கொள்ளத் தடை ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை.

வயலின் வித்வான் லால்குடி ஜெயராமனை எடுத்துக்கொள்வோம். அவருடைய தனி வயலின் ஆல்பங்கள் சுலபமாகக் கிடைக்கின்றன. ஆனால் அரியக்குடி, செம்மங்குடி, ஜி.என்.பி., மதுரை மணி ஐயர் என்று ஒவ்வொருவருக்கும் அவர் எப்படி வேறு வேறு விதமாக வாசித்தார் என்பதல்லவா அவரை அறியும் வழி? மாலியின் புல்லாங்குழலுக்குப் பக்கத்தில் அந்த வில் என்ன செய்தது என்று கேட்க வேண்டாமா? பாடகர் பெயரை முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்தால் ஒழிய அந்தப் பதிவுகளுக்கு வாசல் கிடையாது. மிருதங்க வித்வான்களான பாலக்காடு மணி ஐயருக்கும் பழனி சுப்பிரமணிய பிள்ளைக்கும் நிலைமை இதைவிட மோசம். அவர்களுக்குத் தனி ஆல்பம் என்ற வாசல்கூடப் பெரிதாக இல்லை, வாழ்நாள் சாதனை முழுவதும் பிறர் பெயரில் வெளியான கச்சேரிகளுக்குள் இருக்கிறது. புதிய கச்சேரிப் பதிவை வெளியிடும் நிறுவனங்கள் சேவைகளுக்குக் கோப்பை அனுப்பும்போதே மேடையில் இருந்த அத்தனை பேரையும் வாத்தியத்தோடு குறித்து அனுப்பலாம், அதற்கான கட்டங்கள் இன்று இருக்கின்றன. பழைய எல்பிகளின் உறைகளைப் பத்திரமாக வைத்திருக்கும் ரசிகர்கள், பின்பக்கத்தில் உள்ள பெயர்களை மியூசிக்பிரெய்ன்ஸில் ஏற்றலாம். கட்டணம் கிடையாது, ஒரு கணக்குத் தொடங்கினால் போதும்.